முன்பு இருந்தவர்கள் அடித்த ஆணி

எங்கள் லயத்து வீட்டில் சாமிப்படம் இருந்ததில்லை.
ஓர் ஆணி இருந்தது.
எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் அடித்தது.
அதன் கீழே, ஊதுவத்திப் புகை
கறுப்பாக்காமல் விட்டுப்போன ஒரு வெளிர்ச் சதுரம்.
அம்மா அந்த ஆணியில் தலைவிளக்கை மாட்டினாள்.
நாலரை மணிக்கு எடுத்து நெற்றியில் கட்டுவாள்,
பக்கத்து வீட்டு வீராயி அக்கா
திருநீறு பூசும் அதே இடத்தில்.

"சாமி இருக்காம்மா?"
ஏழு வயதில், ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.
"இந்த நெரை முடியட்டும், சொல்றேன்."
முடிந்ததும் அடுத்த நெரை.
பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
பதில் எந்த மரத்தடியில் நின்றுபோனது என்று
இனித் தேட முடியாது.

திங்கட்கிழமை, கொடிக்கம்பத்தின் கீழ்,
வலது கையை உயர்த்தி
நாட்டுக் கோட்பாடு சொல்வோம்.
முதல் வரி: இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்.
அங்கே மட்டும் உதட்டை அசைத்துவிட்டு
இரண்டாம் வரியில் குரலோடு சேர்ந்துகொள்வேன்,
நகர்ந்துவிட்ட பஸ்ஸில் ஓடி ஏறுகிறவளைப்போல.
யாரும் கவனிக்கவில்லை.
நிம்மதியாக இருந்தது.
கொஞ்சம் வருத்தமாகவும்.

முயன்று பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.
தம்பி எழிலுக்கு டிங்கிக் காய்ச்சல் கண்ட வாரம்
உச்சிவெயிலில் தனியாக
முனியாண்டி கோயிலுக்குப் போனேன்.
அரிவாள் நுனியில் எலுமிச்சை சுருங்கிக் கிடந்தது.
பாதி எரிந்த சுருட்டு. ஒரு சீப்பு வாழைப்பழம்.
கண்ணை மூடி நூறுவரை எண்ணி
"நீங்க இருந்தா ஏதாச்சும் பண்ணுங்க" என்றேன்,
டிரசரிடம் பேசும் மரியாதையோடு.
கண்ணைத் திறந்தபோது
குரங்கு ஒன்று சீப்போடு போய்க்கொண்டிருந்தது.
சிரிப்பு வந்துவிட்டது.
அடுத்து பயம் வரும் என்று நின்றேன்.
வரவில்லை.
வீட்டுக்கு நடந்த முக்கால் மைலும்
வெயில் வெறும் வெயிலாகவே இருந்தது.

எழில் பிழைத்தான்.
சிகாமட் ஆஸ்பத்திரியில் ஒன்பது பாட்டில் ஏற்றினார்கள்.
லயமே கூடி முனியாண்டிக்குக் கோழி அறுத்தது.
நானும் சாப்பிட்டேன்; நன்றாக இருந்தது,
வீராயி அக்காவின் மிளகுக்கு ஈடே கிடையாது.
அதே காய்ச்சலில் போன பூங்காவனத்தின் மகளைப் பற்றி
அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எலும்பை இலையோரம் ஒதுக்கும்போது
முடிவெடுத்தேன் என்று சொல்லலாம்தான்.
உண்மையில் ஒரு முடிவும் எடுக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

நாத்திகன் என்கிற சொல்
வெகுநாள் கழித்து, லாபிஸ் டவுன் நூலகத்தில் கிடைத்தது.
ஆணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை;
எனக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளப்பு.
இன்றும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

போன மாதம் அம்மா இறந்தாள்.
ஆஸ்பத்திரி முகப்பில் நோர்ஹயாத்தி பாரம் நிரப்பினாள்.
பெயர். அடையாள அட்டை எண்.
சமயம்?
பேனா காத்திருந்தது.
தெரியாது என்றேன்.
என் முகத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள்,
இரக்கப்பட்டு 'இந்து' என்று எழுதினாள்.
நான் தடுக்கவில்லை.
இந்த விஷயத்தில் அம்மாவுக்கு எப்போதும்
அவசரம் இருந்ததில்லை.

வீட்டில், திருநீறு எடுத்த விரலோடு
வீராயி அக்கா என்னைப் பார்த்தார்.
"பூசுங்கக்கா."
குனிந்தவர் நின்றுவிட்டார்.
அம்மாவின் நெற்றியில்
விளக்குப் பட்டை இருபது வருடம் அழுத்திய கோடு.
அதை ஒருமுறை, இடமிருந்து வலமாக,
கட்டைவிரலால் தடவினார்.
விரலில் இருந்ததைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

லயத்து வீட்டைக் காலி செய்த அன்று
தலைவிளக்கை எடுத்துக்கொண்டேன்.
உள்ளே பேட்டரி பூத்திருந்தது.
ஆணியைப் பிடுங்கவில்லை.
அடுத்து வருகிறவர்களுக்கு
எதையாவது மாட்ட வேண்டியிருக்கும்.